மினுக்காமல் விட்ட தங்க மணிக்கூடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் புத்தி சொல்ல வராது, ஏச வரும். வெள்ளவத்தைக் கடையில் என்னோடு வேலை செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போன வருஷம் நான் ஓய்வு பெற்ற அன்றுகூட, கேக் வெட்டும் கத்தியை ஈரத்தோடு நீட்டினான் என்று ஒருவனை ஏசிவிட்டுத்தான் வெட்டினேன். இப்போது கடைக்குப் புதிதாக மூன்று பேர் சேர்ந்திருக்கிறீர்களாம். "பிள்ளைகளுக்கு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க, அன்ரி" என்று முதலாளியின் மகள் போனில் கேட்டாள். ரெண்டு பக்கத்தில் நான் நிற்க மாட்டேன் என்பது அவளுக்கும் தெரியும்.

மணிக்கூட்டைத் திறப்பது, கழுவுவது, எண்ணெய் விடுவது எல்லாம் மேசையில் இருந்து பழகிக்கொள்வீர்கள். நான் எழுதப்போவது ஒரேயொரு விஷயம். விலை உயர்ந்த பழைய மணிக்கூடு ஒன்றை ஒருவர் கொண்டுவந்து, "பொலிஷ் பண்ணித் தாங்கோ" என்று நீட்டும்போது, பண்ணுவதா, விடுவதா? இது கைவேலை இல்லை, மூளை வேலை. அதனால்தான் எனக்கு அடிக்கடி தவறிப் போயிருக்கிறது.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் மெழுகுதிரித் தண்டுகளை மினுக்கி வளர்ந்தவள். பளபளப்பில்லாத உலோகத்தைக் கண்டால் எனக்குக் கை துருதுருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டொக்டர் தன் தங்க மணிக்கூட்டைச் சேர்விசுக்குத் தந்தார். சேர்விஸ் மட்டுந்தான் கேட்டார். நான் அன்பு மிஞ்சிப்போய், இனாமாக இருக்கட்டும் என்று பொலிஷும் பண்ணி, பீடத்துத் தண்டு மாதிரி மினுக்கிக் கொடுத்தேன். அவர் பார்த்தார், "தாங்க்ஸ்" என்றார், கையில் கட்டாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

முதலாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சத்தம் போடும் மனிதர் இல்லை. "புள்ள, நீங்க அதுல எத எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"கீறலைத்தான் எடுத்தனான், முதலாளி."

"கீறல எடுக்க ஏலாது, புள்ள. கீறலெண்டா அந்த எடத்துல தங்கம் இல்ல. இல்லாதத எப்படி எடுக்கிற? சுத்தியிருந்த தங்கத்தத்தான் நீங்க எடுத்தீக்கிறீங்க."

அந்த டொக்டர் பிறகும் வந்தார், வேறு மணிக்கூடுகளோடு. அந்த மணிக்கூட்டை மட்டும் நான் மறுபடி காணவேயில்லை. இதை நினைத்து ஒரு மாதம் அழுதிருக்கிறேன். பிறகு அழுகையை விட்டுவிட்டு வேலையைக் கற்றுக்கொண்டேன்.

சரி, இனி கதைக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்தது இது.

விதுஷன் என்று ஒரு பொடியன் நம் கடைக்கு வருவான். வங்கியில் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, கண்ணாடிப் பெட்டிக்கு மேல் குனிந்து நின்று பழைய மணிக்கூடுகளைப் பார்ப்பான், பெருமூச்சு விடுவான், போவான். இத்தனை வருஷத்தில் அவ்வளவு அடிக்கடி வந்து அவ்வளவு கொஞ்சமாக வாங்கிய ஆளை நான் கண்டதில்லை. ஒருநாள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அன்ரி, இது அக்கான்ர எழுத்தண்டைக்கு எடுத்த படம். அக்காவைப் பாக்காதேங்கோ. அத்தான்ர கையைப் பாருங்கோ."

கலியாணப் பதிவின் படம். பொம்பிளை, மாப்பிள்ளை, மலர்மாலை எல்லாவற்றையும் விரலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, மாப்பிள்ளையின் மணிக்கட்டை மட்டும் பெரிதாக்கி வைத்திருந்தான். தங்கக் கூடு, தோல் பட்டி. சுவிஸ் தயாரிப்பு. கொம்பனியின் பெயரைச் சொல்ல மாட்டேன், அவர்களுக்கு நான் ஏன் இலவசமாக விளம்பரம் செய்ய வேண்டும்?

"பட்டி பூட்டுற காதுகளைப் பாத்தீங்களோ? விளிம்பு அப்பிடியே கூராக் கிடக்கு. செய்த நாளிலையிருந்து ஒருத்தரும் பொலிஷ் பண்ணேல்லை. இப்பிடியொண்டு கொழும்பிலை கிடக்குதெண்டே எனக்குத் தெரியாது."

"அத்தான்தானே, கேட்டு ஒருக்காக் கையிலை கட்டிப் பாரன்."

"ஐயோ, எனக்கு வெக்கம்! ஆனா ஆராவது அந்த மனுசனுக்குச் சொல்லோணும் அன்ரி, பொலிஷுக்கு மட்டும் குடுத்திடாதேங்கோ எண்டு."

அடுத்த கிழமை, புதன்கிழமை காலையில், ஓர் ஆள் கடைக்குள் வந்தார். ஆளை எனக்குத் தெரியாது. கையில் கட்டியிருந்ததைத் தெரியும். கழற்றிக் கண்ணாடியின் மேல் வைத்தார்.

"அன்ரி, இதைப் புத்தம்புதுசு மாதிரி மினுக்கித் தரோணும். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கலியாணம்."

அந்தோனியாரே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். "கலியாணத்துக்குக் கட்டவோ?"

"இல்லை. குடுக்க."

யாழ்ப்பாணத்துச் சைவக் கலியாணங்களுக்குப் போயிருப்பீர்கள். பொம்பிளையின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழன். மண்டப வாசலில் அவன் மாப்பிள்ளையின் காலுக்குத் தண்ணீர் ஊற்றுவான். மாப்பிள்ளை அவனுக்கு ஒரு மோதிரம் போட்டுவிடுவார். கஜன் (அதுதான் இவர் பெயர்) மோதிரத்துக்குப் பதிலாக இந்த மணிக்கூட்டைக் கொடுக்கப் போகிறாராம்.

"அவவின்ர தம்பிக்கு வாச் எண்டால் உயிராம். என்னட்டைக் கிடக்கிறதுக்குள்ள ஆகத் திறமான சாமான் இதுதான் அன்ரி. லண்டனிலை இருக்கிற பெரியப்பா தந்தவர். ஆனா இந்தக் கோலத்திலை குடுக்க ஏலாது."

"ஏன், கோலத்துக்கு என்ன?"

முகம் சிவந்துபோனது பிள்ளைக்கு. எழுத்தன்று தன் பழைய காரை மினுக்கிக் கழுவிக்கொண்டு போயிருக்கிறார். பொம்பிளையின் மாமி ஒருத்தி வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி, "மாப்பிள்ளை வீட்டிலை எல்லாம் செகண்ட்ஹேண்ட் போல" என்றாளாம். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் இறங்கிவிட்டது. "எல்லாற்ற முன்னாலையும் பெட்டியைத் திறக்கேக்கை கீறலோட கிடந்தால், அந்த மனுசி விடுவாவே? அவவும் பாவம், தலைகுனிய வேண்டி வரும்." இரண்டாவது 'அவ' பொம்பிளை என்று எனக்கு விளங்கியது.

என் நிலைமையைப் பாருங்கள். கொடுப்பவரின் ரகசியமும் எனக்குத் தெரியும், வாங்கப்போகிறவனின் ஆசையும் எனக்குத் தெரியும். பொலிஷ் பண்ணினால் அந்தப் பொடியனின் நெஞ்சு உடைந்துவிடும். அதையும் வெளியில் காட்டாமல் "தாங்க்ஸ் அத்தான்" என்பான். வாயைத் திறந்து சொல்லலாமா என்றால் அதுவும் முடியாது. கவுண்டரில் கேட்டது கவுண்டரைத் தாண்டக் கூடாது. யார் எதை யாருக்குத் தெரியாமல் வாங்கினார், யார் எதை விற்க வந்தார் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். நாம் கதைக்கத் தொடங்கினால் வெள்ளவத்தையில் பாதிக் குடும்பங்கள் ஒன்றோடொன்று கதைக்காது.

ஆகவே எனக்கு வந்த முதல் யோசனை, பொய். கொஞ்சமும் வெட்கமில்லாமல் சொன்னேன்:

"பொலிஷ் மோட்டர் பழுது, தம்பி. ஞாயிறுக்குள்ள சரிவராது."

பின் அறையில் ரஞ்சித் வேலை செய்துகொண்டிருந்தான். உங்களுக்குத் தெரியுந்தானே, மனிதன் நல்லவன், காது அதைவிட நல்லது. மோட்டர் பழுது என்று கேட்டதும் பதறிப்போய், சுவிட்சைப் போட்டுப் பார்த்திருக்கிறான். ஙீஈஈ என்று கடை முழுக்கச் சத்தம். பிறகு சந்தோஷமாக ஒரு குரல்: "மோட்டரே ஹரி, அக்கே!"

மோட்டர் சரியாம். கஜன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் மணிக்கூட்டை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டு, "பரவாயில்லை அன்ரி. றோட்டுக்கு அங்கால ஒரு கடையிலை அரை மணித்தியாலத்திலை செய்து தருவினமாம்" என்று கதவைத் தள்ளினார்.

பொய்க்கு ஆயுள் குறைவு, பிள்ளைகளே. எனக்கோ வாய்தான் பெரிது, புத்தி கொஞ்சம் பிந்தித்தான் வரும். அவர் ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். "இஞ்சை வாங்கோ தம்பி!" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே போன முச்சக்கரவண்டிக்காரனும் நின்றுவிட்டான். "பொய் சொன்னனான், மன்னியுங்கோ. ஒரு மணித்தியாலம் தாங்கோ. பொலிஷ் பண்ண மாட்டன், கழுவித் தாறன். காசு வேண்டாம். போய் வடை சாப்பிட்டுட்டு வாங்கோ. பிடிக்காட்டி அந்தக் கடைக்கே போங்கோ."

பொய் சொன்னவள் மன்னிப்புக் கேட்டதாலோ, வடை என்றதாலோ, இறங்கி வந்தார். இயந்திரத்தை வெளியே எடுத்து மூடி வைத்துவிட்டு, கூட்டை மட்டும் இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டு, மெல்லிய தூரிகையால் தேய்த்தேன். பழைய மணிக்கூடுகளில் கீறல் என்று நாம் நினைப்பதில் பாதி, ஊத்தை. வருஷக்கணக்கான வியர்வையும் பவுடரும் இடுக்கில் இறுகிக் கிடக்கும். தண்ணீர் கறுத்துப் போனது. தங்கம் வெளியே வந்தது.

கஜன் வந்து பார்த்துவிட்டு, "அட, இவ்வளவும் ஊத்தையே!" என்று சிரித்தார். பிறகு வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். "ஆனா கீறல் கிடக்குது."

"கிடக்கட்டும். நீங்கள் என்ன வேலை, தம்பி?"

"ஒருகொடவத்தையிலை, கொண்டெய்னர் யார்ட். நெளிவை அடிச்சு நேராக்கி, பெயின்ற் அடிச்சு அனுப்புறதுதான் என்ர வேலை. அதுதான் அன்ரி, எனக்குக் கீறலைக் கண்டால் பொறுக்காது."

"அப்ப வேற யார்டிலையிருந்து புதுப் பெயின்ற் அடிச்ச பழைய கொண்டெய்னர் வந்தால், சந்தோசமா எடுப்பீங்களோ?"

"விசரே? புதுப் பெயின்றைக் கண்டாலே சந்தேகந்தான். உள்ளுக்குத் துருவோ, ஓட்டையோ, என்னத்தை மறைச்சிருக்கிறாங்களோ எண்டு சுத்தியலாலை தட்டித்தான்..." என்று வேகமாகச் சொல்லிக்கொண்டு போனவர், நடுவில் நிறுத்திவிட்டார். மணிக்கூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வாச் தெரிஞ்ச ஆக்களும் தட்டித்தான் பாப்பினம்" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

"அது சரி. வாச் தெரியாத மாமியும் ஒராள் இருக்கிறாவே!"

அது நியாயமான கேள்வி. தங்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த எதுவும் அதற்கு மறுமொழி இல்லை. நேரத்தைக் கடத்தத்தான் கேட்டேன்: "பெரியப்பா இதை எப்பிடித் தந்தவர்? பெட்டியிலை வச்சோ?"

"இல்லையில்லை. எயார்போர்ட்டிலை கட்டிப்பிடிச்சு அழுதுபோட்டு, தன்ர கையிலை கிடந்ததைக் கழட்டி என்ர கையிலை கட்டிவிட்டவர்."

"அப்ப நீங்கள் செகண்ட்ஹேண்ட் எண்டு நினைச்சனீங்களோ?"

"சீச்சீ!" என்றார். கோபமே வந்துவிட்டது அவருக்கு. பிறகுதான் கேள்வி உள்ளே இறங்கியது. பிறகு பட்டியைக் கையில் கட்டி, கொக்கியை மாட்டி, "அப்ப பெட்டி வேண்டாம். நானும் கையிலையிருந்தே கழட்டிக் குடுக்கிறன்" என்றார். பெட்டியில் வைத்துக் கொடுப்பது புதிதாக இருக்க வேண்டும். கையிலிருந்து கழற்றிக் கொடுப்பதற்கு அந்தக் கட்டாயம் இல்லை.

"ஞாயிறு வரைக்கும் கழட்டாமல் கட்டியிருங்கோ" என்று நான் வேறு வாயை விட்டேன். தேவையா எனக்கு?

வெள்ளிக்கிழமை பின்னேரம் போன் அடித்தது. வட்ஸப்பில் வீடியோ. திரை முழுக்க ஒரு மூக்கு, பிறகு ஒரு கண், பிறகு மணிக்கூடு.

"அன்ரி! கீறிப்போட்டன்!"

அன்று கஜன் வீட்டில் பொன்னுருக்கல், தாலிக்குப் பொன்னை உருக்கும் சடங்கு. அதோடு கன்னிக்காலும் நட வேண்டும். கலியாணத்துக்கு முன் வீட்டு முற்றத்தில் நடுகிற மரக்கால். கிருலப்பனையில் நாலாம் மாடி வீட்டில் முற்றத்துக்கு எங்கே போவது? யார்டிலிருந்து ஒரு பெரிய பெயின்ற் வாளி கொண்டுவந்து, கீழே மண் நிரப்பி, முள்முருக்குத் தடியை அதில் நட்டு வைப்பதாக ஏற்பாடு. லிப்ட் வேலை செய்யவில்லை. உதவிக்கு ஆள் வரும்வரை பொறுக்காமல், நல்ல நேரம் போகிறதென்று மாப்பிள்ளையே வாளியைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறியிருக்கிறார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் வாளியின் கம்பிப் பிடி சரிந்து, மணிக்கூட்டின் தோளில், பட்டி பூட்டும் காதுக்கு மேலே, ஒரே இழுவை.

பொன்னுருக்கினால் மாப்பிள்ளை வெளியே போகக் கூடாது. ஆகவே நான்தான் முச்சக்கரவண்டி பிடித்துப் போனேன். அவருடைய அம்மா பயத்தம் பணியாரமும் தேத்தண்ணீரும் வைத்தார். அதை ஒதுக்கி வைத்துவிட்டு, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். பழைய கீறல்கள் எல்லாம் மெல்லியவை, வயதோடு மங்கிப் படிந்தவை. இது புதிது, ஆழம், குறுக்கே பளிச்சென்று கிடந்தது. வாயை மூடிக்கொண்டு நான் புதன்கிழமை இதைப் பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. கட்டியிரு என்றவள் நான்.

"இந்த ஒண்டை மட்டும் எடுத்துவிடுங்கோ அன்ரி. இது ஒண்டுதானே" என்று கெஞ்சினார்.

என் பைக்குள் பொலிஷ் துணியும் மருந்தும் இருந்தன. ஏன் கொண்டுபோனேன்? எடுத்துவிடலாம் என்ற நினைப்போடுதான் கொண்டுபோனேன். ஒரு பக்கம், இந்தக் கீறலைக் கண்டால் அந்தப் பொடியன் துடித்துப்போவானே என்ற பயம். மறு பக்கம், முதலாளி சொன்ன கணக்கு: கீறலை எடுக்க ஏலாது. இந்த ஆழத்துக்கு அந்தத் தோள் முழுவதையும் இறக்க வேண்டும். ஒரு தோளை இறக்கினால் மற்றதையும் இறக்க வேண்டும். பிறகு அந்தக் கூரான விளிம்பு எங்கே? இப்படி நேரங்களில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், பிள்ளைகளே: இது யாருடைய பதற்றம்? அன்று அது கஜனின் பதற்றமும் என் குற்றவுணர்வும். மணிக்கூட்டுக்கு ஒன்றும் இல்லை, அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேருடைய பதற்றத்தைத் தணிக்க, திரும்பி வராத தங்கத்தைச் செலவழிக்கக் கூடாது. பையைத் திறக்காமலே, "விடுங்கோ" என்றேன்.

"மாமி?"

"மாமிக்கு இவ்வளவு கிட்ட கண் தெரியாது" என்று தைரியம் சொன்னேன். விதுஷனுக்குத் தெரியும் என்பதைச் சொல்லவில்லை. அன்றிரவு செபமாலை சொல்லும்போது கணக்குத் தவறித் தவறிப் போனது.

கஜன் என்னையும் கலியாணத்துக்கு அழைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலுக்குக் கிட்டப் போய் நின்றேன். எனக்குப் பக்கத்தில் பச்சைச் சேலையில் ஒரு அம்மா, யார் என்ன கட்டியிருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். மாமி யார் என்று நான் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

மேளம் முழங்க, தலைப்பாகையோடு கஜன் வந்து நின்றார். விதுஷன் செம்பிலிருந்து காலுக்குத் தண்ணீர் ஊற்றினான். நிமிர்ந்து, மோதிரத்துக்கு விரலை நீட்டினான். கஜன் தன் கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றத் தொடங்கினார். பதற்றத்தில் கொக்கி வரவில்லை. மேளகாரர் அடித்ததையே திரும்ப அடித்தார்கள்.

"என்னப்பா இது, கையிலை கிடந்ததையே கழட்டிக் குடுக்கிறார்?" என்றார் மாமி. குரலில் நக்கல் இல்லை. வாய் திறந்தபடி இருந்தது.

கஜன் அதை விதுஷனின் கையில் கட்டிவிட்டார். "எனக்குப் பெரியப்பா இப்பிடித்தான் தந்தவர். நீ வச்சிரு" என்றார். விதுஷன் செய்வான் என்று நான் பயந்ததையே செய்தான். மணிக்கட்டைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தம்பி, நேரம் போகுது" என்றார் ஐயர். அவன் கேட்கவில்லை. திருப்பிய கை ஓரிடத்தில் நின்றது.

"அத்தான்... இந்தக் கீறல் எழுத்தண்டைக்கு இருக்கேல்லையே?"

கஜனின் கண்கள் கூட்டத்தில் என்னைத் தேடின. "முந்தநாள்" என்றார் மெதுவாக. "கன்னிக்கால் வாளியைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறினனான். அப்ப பட்டது. மன்னிச்சுக்கொள்ளடா."

விதுஷன் அவரைப் பார்த்தான். முகம் மலர்ந்துகொண்டே போனது. அடக்க முடியாமல் சத்தமாகவே சிரித்துவிட்டான்.

"என்ன மன்னிப்பு? அக்கான்ர கலியாணத்துக்கு விழுந்த கீறல் இது! மற்றக் கீறலெல்லாம் வேற ஆரின்ரயோ. இது ஒண்டுதான் எங்கட. ஒருத்தரும் இதிலை கை வைக்கப்படாது!" அப்போதுதான் என்னைக் கண்டான். "அன்ரி, உங்களுக்குந்தான் சொல்லுறன்!"

"வைக்க மாட்டனடா!" என்று நானும் கத்தினேன். சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. எனக்கென்ன? அப்படியொரு சந்தோஷம்.

மாப்பிள்ளையைத் தோழன் கைபிடித்து மணவறைக்கு மெல்ல நடத்திக்கொண்டு போவதுதான் வழக்கம். விதுஷன் நடத்தவில்லை. அத்தானின் கையை இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். மேளகாரர் பின்னால் ஓடினார்கள்.